ஆறிய பிறகு அளப்பவர்

"ஏண்டி, உனக்கு வேற வேலையே இல்லையா? தையல் டப்பாவைக் குடைஞ்சா ஊசி நூல்தான் எடுக்கணும். கேள்வியை எதுக்கு எடுக்கறே? கண்டவங்க கதையையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் பரீட்சையா எழுதப் போறே? மூடி வெச்சிட்டுப் போய்ச் சாப்பிடு."

மற்ற வீட்டுப் பெண்களாக இருந்தால் இந்தத் திட்டுக்கு முகம் சுருங்கிப் போயிருப்பார்கள். என் பேத்திக்கு என் ரத்தம். அசையாமல் உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவின் அடியிலிருந்து எடுத்த அலுமினியத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும். அந்தப் பக்கத்தில் விரல் நகத்தை ஓட்டினாள்.

"பாட்டி, தேர் ஆர் லைன்ஸ் ஹியர். ஹூ மேட் திஸ்?"

கோடு இருக்கிறதாம். அவள் விரலுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. சரி, இனி மறைத்துப் பயனில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் செய்தவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே போனில் தட்டித் தேடுவாள்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். சான் ஹோசேயில் என் மகள் குடியிருந்த அப்பார்ட்மென்டில் எங்களுக்கு அடுத்த கதவு. நான் மகளின் பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் வந்து, குழந்தையைக் காரணம் காட்டி இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மனைவியும் மகளும் ஊரில். இரண்டு தெரு தள்ளி ஒரு மெஷின் ஷாப்பில் உலோகம் சீவுகிற மில்லிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அப்பார்ட்மென்டில் இருந்த மற்ற தமிழ் ஆண்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் வேலை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு போய், சாயந்திரம் அதே இஸ்திரியோடு திரும்புவார்கள். சட்டையில் கறையோடு வீடு வந்தவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது. வேலை செய்தேன் என்று சொல்கிறவனுக்கு ஒரு சாட்சி வேண்டாமா?

அவருக்கு நாடி வைத்தியர் என்று பட்டம் கொடுத்தவள் நான்தான். கீழே லாண்டரி ரூமில் நாலு வாஷிங் மெஷின்கள். மூலையில் இருந்த மெஷின் துணி பிழியும்போது ஆடி ஆடி ஒரு அடி முன்னால் நடந்து வந்துவிடும். மேல் வீட்டுக்காரி ஒரு நாள், அது தன்னைத் துரத்துகிறது என்று மூச்சு வாங்க ஓடி வந்தாள். இவர் போனார். எதையும் திறக்கவில்லை, திருகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தை மெஷின்மேல் பதித்துக் கண்ணை மூடி நின்றார். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காது கொடுத்து நிற்பார்களே, அந்த மாதிரி.

"பின்னாடி இடது காலு தரையில உக்காரலீங்க" என்றார். பால் டப்பாவின் அட்டையைக் கிழித்து மடித்து அந்தக் காலுக்கு அடியில் சொருகினார். மெஷின் சமர்த்தாக இருந்த இடத்திலேயே பிழிந்து முடித்தது.

"வைத்தியருங்க எல்லாம் விரலால நாடி பிடிப்பாங்க. நீங்க என்ன தம்பி, முழங்கையால பிடிக்கறீங்க?" என்று கேட்டேன். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். ஆனால் மடித்த சட்டைக் கையைச் சட்டென்று இறக்கி விரல்நுனி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். என் குணம் தெரியுமே, பார்த்ததன் மேல் ஒரு சிரிப்பைப் போட்டு மூடிவிட்டேன்.

அன்றிலிருந்து அப்பார்ட்மென்டில் எது ஆடினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கார் பானெட், ஃபிரிட்ஜ், ஒருத்தர் வீட்டு மிக்ஸி. எல்லாவற்றுக்கும் முழங்கை.

அவர் வாயில் அதிகமாக வந்த வார்த்தை, "ஆறட்டுங்க." காபி கொடுத்தால் ஆறட்டும். ஊரிலிருந்து மனைவி எழுதிய கடிதம் வந்தால் அன்றைக்குப் பிரிக்க மாட்டார். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கப் போக வரப் பார்த்துக்கொண்டே இருந்து, மறுநாள் பிரிப்பார். கிரீன் கார்டு வக்கீல் அனுப்பிய கவரும் அதே ஃபிரிட்ஜில் அதே காந்தத்தில் ஆறியது. என் மகளும் மருமகனும் சண்டை போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் சத்தம் கேட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் பக்கம் நியாயம் என்று என் மகள் அவரையே கேட்டுவிட்டாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னது அதே வார்த்தை. இரண்டு நாளில் சண்டை ஆறி, அதன் காரணமே யாருக்கும் ஞாபகம் இல்லை.

இது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கட்டர் சுற்றி உலோகத்தைச் சீவும்போது சூடு பிறக்குமாம். பால் மாதிரி ஒரு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாலும் கொஞ்சம் சூடு உள்ளே தங்கிவிடுமாம். சூட்டில் உலோகம் பெருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அளக்கிற கருவிக்குத் தெரியும். சூட்டோடு அளந்தால் அளவு கச்சிதமாக இருக்கும், எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஆறினதும் சுருங்கிக் குறைந்து நிற்கும். சீவி எறிந்ததைத் திருப்பி ஒட்ட முடியுமா? இவர் சேர்ந்த புதிதில் மானேஜர் சூட்டோடு அளந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். இவர் துண்டைக் கருங்கல் மேடையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். பிறகு அளந்தால் ஒரு மயிரிழை குறைவு. அதற்குப் பிறகு அந்த ஷாப்பில் இவர் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும்.

"சூட்டுல எல்லாமே சரியாத்தானுங்க இருக்கும். ஆறினாத்தான் உண்மையச் சொல்லும்" என்றார்.

என் சம்பந்தியம்மாவையும் ஒரு மணி நேரம் கருங்கல் மேல் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

சூடு பாதி எதிரி, அதிர்வு மீதிப் பாதி. மெல்லிய தகட்டில் கட்டர் ஓடினால் தகடு நடுங்கும். அந்த நடுக்கம் அப்படியே கோடு கோடாக உலோகத்தில் பதிந்துவிடும். கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருக்கும், நகத்தை ஓட்டினால்தான் மாட்டும். இவர்கள் செய்தது சிப் செய்கிற பெரிய மெஷின்களுக்கு மூடி. மூடினால் பொட்டுக் காற்று உள்ளே போகக்கூடாது. கோடு விழுந்தால் அந்தக் கோட்டு வழியே காற்று போகும். நீளம் அகலம் அளக்க ஷாப்பில் எல்லாக் கருவியும் இருந்தது. கோடு பார்க்க மட்டும் அவர் நகம். அதை நம்பித்தான் எல்லாம் நடந்தது.

என்னிடம் அந்த நகத்தின் கதை வெளியானது காபியால். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க, எவர்சில்வர் டம்ளர் விளிம்பு வரை. நானே முந்தானையில் பிடித்துத்தான் எடுத்து வந்தேன். அவர் வெறும் விரலால் நடுவில் பிடித்து வாங்கினார். ஆறட்டும் என்று கீழே வைக்கவும் இல்லை. பிடித்தபடியே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது என்ன தோலா, எருமைத் தோலா?" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகுதான், சுடுவது அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, சட்டென்று டீப்பாயில் வைத்தார். விரல்நுனிகள் சிவந்திருந்தன. ஊதிக்கூடக் கொள்ளவில்லை.

டிசம்பரில் ஒரு காலை, கார் கண்ணாடியில் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. அவர் படிக்கட்டில் நின்று கையை அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்த விரல்களைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. இரண்டு கணு வரைக்கும் ரத்தமே இல்லை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், சாக்பீஸ் எனக்கு நன்றாக ஞாபகம் உண்டு. வாத்தியார் என்மேல் எறிந்தது அதைத்தான்.

அன்றைக்குச் சொன்னார். ஊரில் இருபது வருஷம் கையில் பிடிக்கிற கிரைண்டரால் பிசிறு தேய்த்த கை. நாள் முழுக்க அது கைக்குள்ளேயே அதிர்ந்துகொண்டிருக்கும். முதலில் விரல் மரத்தது, அப்புறம் குளிரில் வெளுத்தது, இங்கே வந்து இரண்டாவது வருஷம் நுனியில் உணர்ச்சி மொத்தமாகப் போய்விட்டது. பெரிய ஆட்டம் முழங்கைக்குத் தெரியும். மெல்லிய கோடு தெரியாது. உலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

"டாக்டர்கிட்டப் போனா எழுதி வெச்சிருவாருங்கம்மா. கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னைய வெச்சு என்ன பண்ணுவாங்க? விசாவும் அவங்களுது, கிரீன் கார்டு பேப்பரும் அவங்களுது. பொண்ணுக்கு இருபத்தொண்ணு ஆகறதுக்குள்ள பேப்பர் வந்தாத்தானுங்க அவளையும் சேத்துக் கூட்டிட்டு வர முடியும். ஆவணி வரைக்கும் ஓட்டிட்டாப் போதுங்க."



மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவர் கதவைத் தட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே சோறு இல்லை. துணியில் சுற்றிய ஒரு அலுமினியத் துண்டு. மெஷினை செட் பண்ணியதும் மூடிகளுக்கு முன்னால் அதே வேகத்தில் சீவிப் பார்க்கிற மாதிரித் துண்டு.

"ஏனுங்கம்மா, இது மேல கொஞ்சம் நகத்தை ஓட்டிப் பாத்துச் சொல்றீங்களா?"

ஓட்டினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கதர்ச் சட்டை மாதிரி இருக்கு தம்பி." அவர் யோசித்தார். போய் வேகத்தைக் குறைத்து இன்னொன்று சீவிக்கொண்டு வந்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. "பட்டு" என்றேன். முகம் மலர்ந்து போனார்.

அப்படித்தான் எனக்கு அமெரிக்காவில் உத்தியோகம் கிடைத்தது. பட்டு, கதர், கோணி என்று மூன்று தரம். பட்டு என்றால் மெஷின் ஓடும். கதர் என்றால் வேகத்தைக் குறைப்பார். கோணி என்றால் தகட்டைக் கழற்றி மறுபடி இறுக்கிப் பிடித்து முதலிலிருந்து தொடங்குவார். பெரிய மெஷின்கள், வெள்ளைக்கார மானேஜர், எல்லோரும் என் நகத்துக்காகக் காத்திருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் குறை. எனக்கு ஒரு பேட்ஜ் வாங்கிக் கொடுங்கள், கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன் என்று அவரைத் தினமும் படுத்துவேன். அந்த மாதத்திலிருந்து பாத்திரம் தேய்ப்பதை மகள் தலையில் கட்டிவிட்டேன். உத்தியோகஸ்தி கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டாமா? காரணம் கேட்டாள். முட்டி வலி என்றேன்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. ஒரு மூடிகூடத் திரும்பி வரவில்லை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வாயை அடக்குவதுதான். லிவர்மோர் கோயிலுக்குப் போனபோது பிரசாத வரிசையில் மேல் வீட்டுக்காரி, நாலு பேர் காதில் விழ, "என்ன ஆன்ட்டி, வைத்தியர் தினமும் மத்தியானம் உங்க வீட்டுல ஆஜராமே, யாருக்கு நாடி பாக்கறார்?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. அவர் எனக்குப் பார்க்கவில்லையடி, நான்தான் அவர் கம்பெனிக்கே பார்க்கிறேன் என்று. அந்த வரிசை முழுக்க விழுந்து புரண்டிருக்கும். புளியோதரையோடு சேர்த்து விழுங்கினேன். வாழ்க்கையில் நான் வீணடித்த ஒரே நகைச்சுவை அது. மலைப்பாதையில் கார் திரும்பி வரும்போது, என் வாயை நானே அடக்கிவிட்டேன் என்று எனக்கு அத்தனை கர்வம்.

வாய் காப்பாற்றிவிட்டது. கைதான் காட்டிக்கொடுத்தது.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை. மகள் வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பித்திருந்தாள். குழந்தைக்கு எட்டு மாதம். இதோ இப்போது டப்பாவைக் குடைகிறாளே, இவள்தான். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, காலை நீட்டிப் போட்டு, தலையிலிருந்து பாதம் வரை தேய்த்துக்கொண்டிருந்தேன். விலாங்கு மீன் மாதிரி வழுக்கினாள். ஊரே கூடுகிற மாதிரி அழுதாள்.

பதினொரு மணிக்கே கதவு தட்டியது. அவர்தான். வேர்த்திருந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அவர் செருப்பைக் கழற்றாமல் எங்கள் வாசலில் நின்றது அன்றைக்கு மட்டும்தான். டிபன் பாக்ஸும் இல்லை, துண்டைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். நாற்பது மூடிகள், சாயந்திரமே லாரி ஏற வேண்டும், மானேஜர் மெஷினுக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னார்.

"கொஞ்சம் சீக்கிரம் பாத்துச் சொல்லுங்கம்மா."

குழந்தையை இடது இடுப்பில் இடுக்கினேன். வலது கையைப் புடவையில் ஒரு துடைப்புத் துடைத்தேன். நகத்தை ஓட்டினேன். துண்டு இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. ஆறட்டும் என்று உயிரை வாங்குகிறவர் ஆறாத துண்டைக் கொண்டு வந்திருக்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. என் விரலில் இருந்த எண்ணெய் அந்தச் சூட்டில் நெகிழ்ந்து பரவியது. நகம் வெண்ணெயில் போகிற மாதிரி போனது. நடுவில் எங்கோ ஒரு சின்ன முணுமுணுப்பு கேட்ட மாதிரியும் இருந்தது. இன்னொரு தடவை கையைக் கழுவிவிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இவள் காதில் கத்தினாள். அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"பட்டு தம்பி. காஞ்சிபுரம்" என்றேன்.

ஓடினார்.

செவ்வாய்க்கிழமை நாற்பது மூடியும் திரும்பி வந்தன. எதுவும் காற்றைத் தடுக்கவில்லை. கட்டரின் பல் ஒன்று மழுங்கி, தகடு முழுக்க நடுங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு, நகம் வைத்தவர்களுக்கெல்லாம் தெரிந்ததாம். மானேஜர் கெட்டவர் இல்லை. இவர் வைத்த நகம் இதை எப்படி விட்டது என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு மேஜையில் ஒரு நல்ல தகட்டையும் ஒரு கெட்ட தகட்டையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொன்னார். ஷாப்பில் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இவர் கண்ணை மூடி, இரண்டின் மேலும் விரலை ஓட்டி, ஒன்றைக் காட்டினார். தப்பு. மறுபடி. மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை தகட்டைத் தொடவில்லை. கண்ணைத் திறந்து, கையை மேஜைமேல் விரித்து வைத்து, இதில் ஒன்றும் தெரியாது, ரொம்ப நாளாகத் தெரியாது என்று அவரே சொல்லிவிட்டார்.

அதுவரை யார் பார்த்தது என்று கேட்டார்களாம். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது கிளம்புவதற்கு முன் ஒரு மத்தியானம், படிக்கட்டில் உட்கார்ந்து. மழை வந்தது, நின்றது என்று சொல்கிற மாதிரி சொன்னார். வேலை போனால் விசா போச்சு, பேப்பரும் அங்கேயே நின்றுபோச்சு. நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடை வெயிலில் நல்ல நிறமாக, ஒரு குறையும் இல்லாத விரல்கள் மாதிரி இருந்தன.

"தம்பி, அன்னைக்கு என் கையில…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்கம்மா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஷாப்புக்குப் போயித் துண்டை வெச்சப்பவே நல்லெண்ணெய் வாசம் வந்துச்சுங்க. எங்க ஷாப்புல ஏதுங்க நல்லெண்ணெய்? திரும்பி வந்து இன்னொருக்கா கேட்டிருக்கலாம். மானேஜரு பக்கத்துலயே நிக்கறாரு. எதுக்கு மறுபடி வீட்டுக்கு ஓடறேன்னு கேட்டா என்ன சொல்றது? சரின்னு ஓட்டிட்டனுங்க." விரல்களை மடக்கி விரித்தார். "உங்க மேல தப்பில்லீங்க. நான்தானுங்க ஆற விடல."

அவர் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். எண்ணெய் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இப்ப பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நகத்தை ஓட்டினேன். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தடதடவென்று மாட்டியது. சாணைக்கல்லில் ஓட்டுகிற மாதிரி. எப்படி விட்டேன் இதை?

"கோணிங்க" என்று அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு. அவர் என்னோடு அடித்த ஒரே நையாண்டி அது. நான் சிரிக்கவில்லை.

யாராவது கேட்டால், ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டேன் என்று சொல்லுங்கள் என்றார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பெண்ணுக்கு ஆவணியில் இருபத்தொன்று ஆனது. கோயம்புத்தூரிலேயே ஆனது.

அவர் ஊருக்குப் போன வாரம் லாண்டரி ரூமில் நாலைந்து பேர் கூடியிருந்தோம். அவர் சொல்லச் சொன்ன பொய்யை நான் வாயில் தயாராக வைத்திருந்தேன். மேல் வீட்டுக்காரிதான் ஆரம்பித்தாள். "வேலையில ஏதோ பிராப்ளமாமே ஆன்ட்டி? அவரை அனுப்பிட்டாங்கன்னு என் ஹஸ்பண்ட் கேள்விப்பட்டாராம். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, என்னவாம்?"

அவர் வேலையில் பிராப்ளம் என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை. வைத்திருந்த பொய் வரவில்லை.

"அவர் மேல ஒரு தப்பும் இல்லைடி" என்றேன். "அந்தக் கம்பெனியில தொட்டுப் பாத்து பாஸ் போடற உத்தியோகம் நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அஞ்சு மாசம். ஒரு நாள் குழந்தைக்கு எண்ணெய் தேச்ச கையோட பாஸ் போட்டுட்டேன். தப்பு பண்ணது நான். வேலை போனது அவருக்கு."

ஒரு நொடி எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு மேல் வீட்டுக்காரி துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி சுவரில் சாய்ந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு ஹெச்-ஒன் விசாவா?" என்றாள் இன்னொருத்தி. "சம்பளம் டாலர்லயா, நல்லெண்ணெயிலயா?" என்றாள் மற்றவள். நான் அத்தனை மாதம் சொன்ன எதற்கும் அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. சிரிக்காதீர்களடி, நிஜம் என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூலை மெஷின் துணி பிழிய ஆரம்பித்தது. அவர் சொருகிய அட்டை ஈரத்தில் ஊறி நைந்துபோயிருந்தது. ஆடி ஆடி எங்களைப் பார்த்து நடந்து வந்தது.

"நீங்கதானே இன்ஸ்பெக்டர், தொட்டுப் பாத்துச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் மேல் வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். தோள் வரைக்கும் உதறியது.

"பட்டு" என்று சொன்னேன்.